தனிப்பட்ட வகுப்புச் செயற்கூறு (ரூபி)

தனிப்பட்ட வகுப்புச் செயற்கூறு என்பது, பொருள்நோக்கு நிரலாக்கத்தில், ஒரு வகுப்பின் பெயரிலேயே இயங்குவதும், அவ்வகுப்பின் உள்வேலைக்கு மட்டும் உரியது என்று குறிக்கப்பட்டதுமான செயற்கூறு ஆகும். ரூபி, பைத்தான், பி.எச்.பி., யாவாஸ்கிரிப்டு முதலிய படிவ நிரல்மொழிகள் அனைத்திலும் இக்கருத்து ஏதேனும் ஒரு வடிவில் உள்ளது. ஆனால் "தனிப்பட்டது" என்னும் சொல்லின் பொருள் மொழிக்கு மொழி வேறுபடுகிறது. யாவா அல்லது சி++ பயின்றபின் ரூபிக்கு வரும் மாணவர்கள் இவ்வேறுபாட்டில்தான் பெரும்பாலும் தடுமாறுகின்றனர். இக்கட்டுரை ரூபி மொழியை முதன்மையாகக் கொண்டு, அத்தகைய செயற்கூறுகள் எவ்வாறு வரையறுக்கப்படுகின்றன, யாரால் எவ்வாறு அழைக்கப்படலாம், அழைப்பதால் என்ன நேரும் என்பனவற்றை விளக்குகிறது.

ரூபியும் அதன் பின்னணியும்

ரூபி, சப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமோட்டோவால் 1993இல் தொடங்கப்பட்டு 1995 திசம்பரில் பொதுவில் வெளியிடப்பட்ட மொழி. பெர்ல் மொழியின் கைக்கடக்கமும் சுமால்டாக் மொழியின் பொருள்நோக்கும் இதில் சேர்ந்திருக்கின்றன. 2004இல் ரூபி ஆன் ரெயில்சு என்னும் வலைச் சட்டகம் வெளியான பின்னரே இம்மொழி சப்பானுக்கு வெளியே பரவலாக அறியப்பட்டது. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2010இல் சென்னையில் தொடங்கப்பட்டு, பின்னர் பிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய பிரெஷ்டெஸ்க் நிறுவனத்தின் மென்பொருள் ரூபி ஆன் ரெயில்சைக் கொண்டே எழுதப்பட்டது.

சுமால்டாக்கிடமிருந்து ரூபி பெற்ற இரண்டு கருத்துகள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை. முதலாவது, ஒரு செயற்கூற்றை அழைப்பது என்பது ஒரு பொருளுக்குச் செய்தி அனுப்புவதாகும். செய்தியைப் பெறும் பொருள் "பெறுநர்" எனப்படும். இரண்டாவது, வகுப்பும் ஒரு பொருளே. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் விதிகளில் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

எடுத்துக்காட்டு

தஞ்சாவூர் மாவட்டத்தில், கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியில் உள்ள பேராவூரணியில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்கு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். (இது விளக்கத்திற்காக அமைத்த கற்பனை நிரலே. எந்த அலுவலகத்தின் நிரலும் அன்று.) நெல் 40 கிலோ மூட்டையாக எடை போடப்படுகிறது. விலையோ குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, வரையறுக்கப்படுகிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டைக் கடந்த நெல்லை ஏற்பதற்கில்லை. கணக்கை எளிதாக்கக் குவிண்டால் விலையை 2,000 ரூபாய் எனக் கொள்வோம்.

கீழே உள்ளது ரூபி நிரல். அதன் திறவுச்சொற்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்டுள்ளன. இயக்கிப் பார்க்க விரும்புவோர் அவற்றை உரோமன் எழுத்தில் தட்டச்சிட வேண்டும்.

  கிளாஸ் கொள்முதல்

    டெஃப் செல்ஃப்.சீட்டு(மூட்டை, ஈரம்)
      ரெய்ஸ் "ஈரம் மிகுதி" இஃப் ஈரம் > 17
      தொகை(மூட்டை * 40 / 100.0)
    எண்டு

    டெஃப் செல்ஃப்.தொகை(குவிண்டால்)
      குவிண்டால் * 2000
    எண்டு

    பிரைவேட்_கிளாஸ்_மெத்தட் :தொகை

  எண்டு

"சீட்டு" என்பது பொதுச் செயற்கூறு. உழவர் கொண்டுவந்த மூட்டைகளின் எண்ணிக்கையையும் ஈரப்பதத்தையும் வாங்கி, முதலில் ஈரத்தைச் சரிபார்த்து, பின் மூட்டையைக் குவிண்டாலாக மாற்றி, அதனைத் "தொகை" என்னும் தனிப்பட்ட செயற்கூற்றிடம் தருகிறது. 100 மூட்டை, 16 விழுக்காடு ஈரம் எனில் 40 குவிண்டால், 80,000 ரூபாய் என்று விடை வரும். "தொகை" எதையும் சரிபார்ப்பதில்லை. தன்னிடம் வரும் எண் குவிண்டால்தான் என்றும், ஈரம் முன்பே பார்க்கப்பட்டுவிட்டது என்றும் அது நம்பி இயங்குகிறது. அந்த நம்பிக்கை பொருந்தும் இடத்திலிருந்து மட்டும் அது அழைக்கப்பட வேண்டும் என்பதற்காகவே அது தனிப்பட்டதாகக் குறிக்கப்பட்டுள்ளது.

வெளியிலிருந்து "கொள்முதல்.தொகை(100)" என்று எழுதினால், "நோமெத்தட்எர்ரர்" என்னும் வழு எழுந்து நிரல் நிற்கும். வழுச் செய்தி "அப்படியொரு செயற்கூறு இல்லை" என்று கூறாது. "தனிப்பட்ட செயற்கூறு அழைக்கப்பட்டது" என்றே கூறும். செய்தியை முழுவதும் படிக்காமல் வழுவின் பெயரை மட்டும் பார்ப்பவர்கள், எழுத்துப்பிழை எங்கே என்று நெடுநேரம் தேடுவதுண்டு.

"தனிப்பட்டது" என்பதன் பொருள்

யாவா, சி++, பி.எச்.பி. ஆகிய மொழிகளில், அழைக்கும் நிரல்வரி எந்த வகுப்பினுள் எழுதப்பட்டுள்ளது என்பதே கேள்வி. வரி அதே வகுப்பினுள் இருந்தால் தனிப்பட்ட செயற்கூற்றை அழைக்கலாம். ரூபியில் கேள்வியே வேறு. அங்கே பார்க்கப்படுவது, பெறுநர் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளதா என்பது மட்டுமே. புள்ளிக்கு முன்னால் ஒரு பெயரை இட்டு அழைத்தால் அது வெளிப்படையான பெறுநர். தனிப்பட்ட செயற்கூற்றை அவ்வாறு அழைக்க இயலாது. பெயர் எதுவும் இடாமல் "தொகை(40)" என்று மட்டும் எழுதினால், நடப்பில் "செல்ஃப்" ஆக உள்ள பொருளே பெறுநராகிறது. இதற்குத் தடையில்லை.

இதனால் ஒரு வியப்பான விளைவு உண்டு. மேற்கண்ட "சீட்டு" செயற்கூற்றினுள்ளேயே "கொள்முதல்.தொகை(...)" என்று வகுப்பின் பெயரைச் சேர்த்து எழுதினால் அதுவும் வழுவாகும். பெறுநர் அதே வகுப்பு, எழுதிய இடமும் அதே வகுப்பு. ஆயினும் பெயர் வெளிப்படையாக நிற்பதால் மறுக்கப்படுகிறது. "செல்ஃப்.தொகை(...)" என்று எழுதுவதும் நெடுங்காலம் மறுக்கப்பட்டே வந்தது. 2019 திசம்பரில் வெளிவந்த ரூபி 2.7 முதல், "செல்ஃப்" என்னும் சொல்லே பெறுநராக எழுதப்பட்டிருந்தால் ஏற்கப்படுகிறது. வகுப்பின் பெயருக்கு அச்சலுகை இன்றும் இல்லை. மதிப்பிருத்தும் செயற்கூறுகளுக்கு மட்டும் அதற்கு முன்பிருந்தே விலக்கு இருந்தது. ஏனெனில் "செல்ஃப்" இன்றி எழுதினால் அது உள்மாறி ஒன்றுக்கு மதிப்பிடுவதாகிவிடும்.

ரூபி கற்கும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே ஒரு தனிப்பட்ட செயற்கூற்றை அழைத்துவிடுகின்றனர் என்பது பலர் அறியாதது. திரையில் அச்சிடப் பயன்படும் "புட்ஸ்" கெர்னல் என்னும் கூற்றில் தனிப்பட்டதாகவே உள்ளது. பெறுநர் இன்றி எழுதுவதால் அது இயங்குகிறது. "5.புட்ஸ்" என்று எழுதிப் பார்த்தால் மேற்சொன்ன அதே வழு வரும். எந்த வகுப்பிற்கும் உட்படாமல் நிரலின் மேல்நிலையில் வரையறுக்கப்படும் செயற்கூறுகளும் ஆப்ஜெக்ட் வகுப்பின் தனிப்பட்ட செயற்கூறுகளாகவே சேர்கின்றன.

வகுப்பும் ஒரு பொருளே

ரூபியில் "வகுப்புச் செயற்கூறு" என்று தனியே ஓர் இனம் இல்லை. "கொள்முதல்" என்பது கிளாஸ் என்னும் வகுப்பைச் சேர்ந்த ஒரு பொருள். எந்தப் பொருளுக்கும் அதற்கு மட்டுமே உரிய செயற்கூறுகளை வரையறுக்கலாம். அவை அப்பொருளின் ஒற்றை வகுப்பு எனப்படும் மறைவான வகுப்பொன்றில் வைக்கப்படுகின்றன. "டெஃப் செல்ஃப்.தொகை" என்று எழுதும்போது, "தொகை" கொள்முதல் வகுப்பில் சேர்வதில்லை, கொள்முதலின் ஒற்றை வகுப்பில் சேர்கிறது. ஒரே கதவு எண் கொண்ட இரு தெருக்களைப் போல, இவ்விரண்டும் வேறு வேறு இடங்கள்.

அடிக்கடி நேரும் பிழை

மேற்கண்ட வேறுபாட்டை அறியாதவர்கள் பெரும்பாலும் பின்வருமாறு எழுதுகின்றனர்:

  கிளாஸ் கொள்முதல்

    பிரைவேட்

    டெஃப் செல்ஃப்.தொகை(குவிண்டால்)
      குவிண்டால் * 2000
    எண்டு

  எண்டு

பார்வைக்கு இது சரியாகத் தோன்றும். "பிரைவேட்" என்ற சொல்லுக்குக் கீழேதான் "தொகை" உள்ளது. ஆனால் அது தனிப்பட்டதாக ஆகவில்லை. தனியாக எழுதப்படும் "பிரைவேட்", அதன்பின் அவ்வகுப்பில் வரையறுக்கப்படும் சாதாரணச் செயற்கூறுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். ஒற்றை வகுப்பில் சேரும் "தொகை" அதன் ஆட்சிக்குள் வருவதில்லை. "கொள்முதல்.தொகை(100)" என்று யார் எங்கிருந்து அழைத்தாலும் அது தங்குதடையின்றி இயங்கும்.

இப்பிழையின் தீமை, அது எதையும் நிறுத்துவதில்லை என்பதே. வழு எழாது, நிரல் சரியான விடையையே தரும், சோதனைகள் அனைத்தும் வெற்றி பெறும். பூட்டிவிட்டதாக எண்ணிய கதவு திறந்தே கிடக்கிறது என்பதை, ஒருவர் அதன் வழியே நுழைந்த பிறகுதான் அறிய முடியும். ரூபோகாப் என்னும் நிரல் சரிபார்ப்பான் இவ்வகை இடங்களைக் கண்டு எச்சரிக்கிறது. அதனைப் பயன்படுத்தாதவர்கள், அழைத்தால் உண்மையில் வழு வருகிறதா என்று ஒருமுறை அழைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

உரிய முறைகள் மூன்று உள்ளன. முதலாவது, மேலே காட்டியபடி வரையறையின் பின் "பிரைவேட்_கிளாஸ்_மெத்தட்" என்று எழுதி, செயற்கூற்றின் பெயரைத் தருவது. இரண்டாவது, அதனையே வரையறையின் முன்னால் ஒரே வரியில் சேர்த்து எழுதுவது. 2013 திசம்பரில் வந்த ரூபி 2.1 முதல் "டெஃப்" தான் வரையறுத்த செயற்கூற்றின் பெயரைத் திருப்பித் தருவதால் இது இயல்கிறது. மூன்றாவது, "கிளாஸ் << செல்ஃப்" என்று எழுதி ஒற்றை வகுப்பினுள்ளேயே நுழைந்து, அங்கே "பிரைவேட்" இட்டு, அதன்கீழ் "செல்ஃப்" இன்றிச் செயற்கூறுகளை வரையறுப்பது. தனிப்பட்ட செயற்கூறுகள் பல இருந்தால் மூன்றாவது முறையே வசதி. ஒன்றிரண்டு மட்டும் எனில் இரண்டாவது முறை கண்ணுக்கு எளிது. வரையறையும் அதன் தடையும் ஒரே இடத்தில் இருக்கும்.

பொருளிலிருந்து அழைத்தல்

கொள்முதல் வகுப்பின் பொருள் ஒன்று, தன் வகுப்பின் தனிப்பட்ட செயற்கூற்றை அழைக்க விரும்பலாம். பி.எச்.பி.யிலும் யாவாவிலும் இது இயல்பான செயல். ரூபியில் இயலாது. பொருளினுள் "செல்ஃப்" என்பது அப்பொருளைக் குறிக்கும், வகுப்பைக் குறிக்காது. எனவே "தொகை(40)" என்று எழுதினால் பொருளிடம் அப்படியொரு செயற்கூறு இல்லை என்று வழு வரும். "செல்ஃப்.கிளாஸ்.தொகை(40)" என்று எழுதினால் பெறுநர் வெளிப்படையாகிவிடுவதால் தனிப்பட்டது என்று வழு வரும். ரூபி 2.7இன் சலுகையும் இங்குப் பயன்படாது. அச்சலுகை "செல்ஃப்" என்ற தனிச்சொல்லுக்கே உரியது. "புரொடெக்டெட்" என்னும் நடுநிலைத் தடையை இட்டாலும் தீர்வு கிட்டாது. அதற்கு, அழைக்கும் பொருள் அச்செயற்கூறு வரையறுக்கப்பட்ட ஒற்றை வகுப்பின் வழிவந்ததாக இருக்க வேண்டும். நெல்லை அளந்து சீட்டெழுதும் பொருள் அவ்வாறானதன்று.

இந்நிலையில் பலர் "செல்ஃப்.கிளாஸ்.செண்டு(:தொகை, 40)" என்று எழுதிக் கடந்துவிடுகின்றனர். இயங்கும். எனினும் ஒரு வகுப்பு தன் சொந்தச் செயற்கூற்றை அழைக்கவே சுற்றுவழி தேட வேண்டியிருந்தால், அச்செயற்கூறு தவறான இடத்தில் உள்ளது என்று கொள்வதே நல்லது. பொருள்கள் மட்டுமே பயன்படுத்துவதாயின் அதனைப் பொருளின் தனிப்பட்ட செயற்கூறாக மாற்றலாம். வகுப்பும் பொருளும் இரண்டுமே பயன்படுத்துவதாயின், கணக்கைத் தனியொரு சிறு வகுப்பில் வைத்து, அவ்வகுப்பின் பெயரை "பிரைவேட்_கான்ஸ்டன்ட்" கொண்டு மறைக்கலாம். இவ்வசதி 2011இல் வந்த ரூபி 1.9.3 முதல் உள்ளது.

துணை வகுப்பிலிருந்து அழைத்தல்

ரூபியில் தனிப்பட்ட செயற்கூறுகளும் மரபுரிமையாகச் செல்கின்றன. "சன்னரகக்கொள்முதல்" என்று ஒரு துணை வகுப்பை அமைத்தால், அதன் வகுப்புச் செயற்கூறுகள் பெறுநர் இன்றித் "தொகை"யை அழைக்கலாம், மாற்றியும் வரையறுக்கலாம். அவ்வாறு மாற்றினால், தாய் வகுப்பின் "சீட்டு" துணை வகுப்பின் பெயரால் அழைக்கப்படும்போது புதிய "தொகை"யே இயங்கும். தாய் வகுப்பை எழுதியவர் இதனை எதிர்பார்த்திருக்கமாட்டார். பெரிய நூலகங்களின் வகுப்புகளிலிருந்து மரபுரிமை பெறும்போது, தெரியாமலே அவற்றின் உள்செயற்கூறு ஒன்றின் பெயரைத் தம் செயற்கூற்றுக்கு இட்டுவிடும் இடர் இதனால்தான் உண்டாகிறது.

துணை வகுப்பு "பப்ளிக்_கிளாஸ்_மெத்தட்" கொண்டு, தாய் வகுப்பு மறைத்ததைத் தன்னளவில் வெளிப்படையாக்கவும் முடியும். இதற்கு நல்ல பயனும் உண்டு. பொருளை உருவாக்கும் "நியூ" என்பதே ஒரு வகுப்புச் செயற்கூறுதான். தாய் வகுப்பில் அதனைத் தனிப்பட்டதாக்கித் துணை வகுப்புகளில் வெளிப்படையாக்கினால், தாய் வகுப்பிலிருந்து நேரடியாகப் பொருள் உருவாக்குவது தடுக்கப்படும். ரூபியுடன் வரும் சிங்கிள்டன் நூலகமும் "நியூ"வைத் தனிப்பட்டதாக்கியே ஒரு வகுப்பிற்கு ஒரே பொருள் என்னும் விதியை நடைமுறைப்படுத்துகிறது.

வெளியிலிருந்து அழைத்தல்

ரூபியின் தடை, மீற முடியாத தடையன்று. "செண்டு" என்னும் செயற்கூறு, பெயரையும் அளபுருக்களையும் பெற்று, தனிப்பட்டதா பொதுவானதா என்று பாராமல் அழைத்துவிடும். "கொள்முதல்.மெத்தட்(:தொகை)" என்று செயற்கூற்றையே ஒரு பொருளாகப் பெற்றுப் பின் அழைக்கலாம். "இன்ஸ்டன்ஸ்_இவால்" கொண்டு வகுப்பையே "செல்ஃப்" ஆக்கிக்கொண்டு பெறுநர் இன்றியும் அழைக்கலாம். தடையை மதிக்க விரும்புவோருக்காக ரூபி 1.9இல் "பப்ளிக்_செண்டு" சேர்க்கப்பட்டது. அப்பதிப்பு உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் "செண்டு"வையே தடையை மதிக்கும்படி மாற்றிப் பார்த்து, பின் அம்மாற்றம் கைவிடப்பட்டது. ஏராளமான நிரல்கள் அதன் பழைய இயல்பை நம்பி இருந்தன.

அவ்வளவு நிரல்கள் ஏன் நம்பியிருந்தன என்பதற்கு மொழியே ஒரு காரணம். ஒரு வகுப்பில் கூற்றொன்றைச் சேர்க்கும் "இன்குளூட்" ரூபி 2.1 வரையில் தனிப்பட்டதாகவே இருந்தது. வெளியிலிருந்து ஒரு வகுப்பிற்குக் கூற்றைச் சேர்க்க விரும்பியவர்கள் "செண்டு(:இன்குளூட், ...)" என்று எழுதுவதே வழக்கமாயிற்று. "அட்ரு_அக்செசர்", "டிஃபைன்_மெத்தட்" முதலியவை 2017இல் வந்த ரூபி 2.5இல்தான் பொதுவாயின. மொழியின் அடிப்படைக் கருவிகளுக்கே சுற்றுவழி வேண்டியிருந்தபோது, அவ்வழி ஒரு குற்றமாகத் தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

என்ன கெடும்?

எடுத்துக்காட்டிற்குத் திரும்புவோம். பின்னொரு நாள், வேறொரு நிரலர் நாள்முடிவு அறிக்கை ஒன்றை எழுதுகிறார். பதிவேட்டில் அன்றைய மூட்டைகள் 100 என்று உள்ளன. "தொகை" என்று ஒரு செயற்கூறு இருப்பதைக் காண்கிறார். அது தனிப்பட்டது என்று வழு வருகிறது. "செண்டு" இட்டதும் வழு மறைகிறது. "கொள்முதல்.செண்டு(:தொகை, 100)" தரும் விடை 2,00,000. உண்மைத் தொகை 80,000. மூட்டையைக் குவிண்டாலாக மாற்றும் வரியை அவர் கடந்து வந்துவிட்டதால் தொகை இரண்டரை மடங்காகிவிட்டது. ஈரப்பதச் சரிபார்ப்பும் நடக்கவில்லை. கணினி எந்தக் குறையும் கூறவில்லை. அதன் பார்வையில் எண்ணை எண்ணால் பெருக்கியதில் தவறொன்றும் இல்லை. வரவேண்டிய பணத்தை எதிர்நோக்கி நிற்கும் உழவர் ஒருவரின் கணக்கோடு இவ்வறிக்கை ஒத்துப்போகாதபோதுதான் பிழை வெளிப்படும்.

இரண்டாவது தீங்கு காலத்தால் வருவது. பொதுச் செயற்கூறு என்பது பிறருக்குக் கொடுத்த வாக்கு. நூலகத்தின் ஆசிரியர் அதனை மாற்றும்போது பதிப்பெண்ணை உயர்த்தி முன்னறிவிப்புச் செய்வார். தனிப்பட்டதற்கு அவ்வாறு எந்த வாக்கும் இல்லை. சிறு திருத்தப் பதிப்பிலும் அதன் பெயர் மாறலாம், அளபுருக்கள் இடம் மாறலாம், செயற்கூறே நீங்கலாம். "செண்டு" கொண்டு அதனைப் பற்றியிருந்த நிரல் அன்று உடையும். நூலக ஆசிரியரைக் குறை கூறவும் வழியில்லை.

மூன்றாவது, பாதுகாப்பு. வலைச் செயலிகளில், பயனர் அனுப்பும் சொல்லையே செயற்கூற்றின் பெயராகக் கொண்டு "செண்டு"விடம் தருவது மிகுந்த தீங்குடையது. இயக்குதளத்தின் கட்டளைகளை இயக்கும் "சிஸ்டம்", நிரலை நிறுத்தும் "எக்சிட்", எழுத்துத்தொடரை நிரலாகவே இயக்கும் "இவால்" ஆகியவை கெர்னலின் தனிப்பட்ட செயற்கூறுகளாக எல்லாப் பொருள்களிலும் உள்ளன. "செண்டு" அவற்றையும் அழைத்துவிடும். "பப்ளிக்_செண்டு" இவற்றை மறுக்கும். ஆயினும் "இன்ஸ்டன்ஸ்_இவால்" பொதுவானதாகையால் அதுவும் முழுக் காப்பு ஆகாது. இசைவுள்ள பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்து, அதில் உள்ளதா என்று பார்த்து அழைப்பதே முறை.

சோதனைகளுக்காக அழைப்பது பற்றி நிரலர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. தனிப்பட்டவற்றைப் பொதுச் செயற்கூறுகளின் வழியாகவே சோதிக்க வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. சிக்கலான கணக்கு உள்ளே இருக்கும்போது அதனை நேரடியாகச் சோதிப்பதில் தவறில்லை என்பது மற்றொரு சாரார் கருத்து. மேற்கண்ட எடுத்துக்காட்டில் "தொகை"யைத் தனியே சோதித்திருந்தாலும் மூட்டைப் பிழை அகப்பட்டிருக்காது. "சீட்டு"வைச் சோதிப்பதில்தான் பயன். ஆவணமில்லாத பழைய நிரலை ஐ.ஆர்.பி. முனையத்தில் ஆராயும்போது "செண்டு" மிகவும் உதவும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அங்கே தட்டச்சிட்டது அங்கேயே மறைந்துவிடும்.

பிற மொழிகளில்

பைத்தானில் தனிப்பட்ட செயற்கூறு என்பதே மொழியின் விதியாக இல்லை. பெயரின் முன் ஓர் அடிக்கோடு இருந்தால் "இது உள்வேலைக்கு" என்பது நிரலர்களிடையே உள்ள உடன்பாடு. இரண்டு அடிக்கோடுகள் இருந்து, முடிவில் இரண்டு அடிக்கோடுகள் இல்லையெனில், பைத்தான் அப்பெயரின் முன் வகுப்பின் பெயரைச் சேர்த்துவிடுகிறது. "கொள்முதல்" வகுப்பினுள் "__தொகை" என்று எழுதியது "_கொள்முதல்__தொகை" என்றே சேமிக்கப்படும். வெளியிலிருந்து அந்த நீண்ட பெயரால் அழைத்தால் இயங்கும். இம்மாற்றத்தின் நோக்கம் மறைப்பதன்று. துணை வகுப்பில் தற்செயலாக அதே பெயர் வைக்கப்பட்டால் மோதல் நேராமல் தவிர்ப்பது. ரூபியில் மேலே கண்ட மரபுரிமை இடர் இங்கே இவ்வாறு தீர்க்கப்படுகிறது. இம்மாற்றம் நிரலில் பெயராக எழுதியதற்கே நிகழும்; எழுத்துத்தொடராக "கெட்அட்ரு"விடம் கொடுத்ததற்கு நிகழாது.

பி.எச்.பி.யில் 2004இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து யாவாவை ஒத்த தடைகள் உள்ளன. பொருளினுள்ளிருந்து "செல்ஃப்::தொகை" என்று அழைக்கத் தடையில்லை. "ஸ்டாட்டிக்::தொகை" என்று எழுதுவதில் மட்டும் எச்சரிக்கை தேவை. துணை வகுப்பு அதே பெயரில் தன் தனிப்பட்ட செயற்கூறு ஒன்றை வரையறுத்திருந்தால், தாய் வகுப்பின் அழைப்பு அதனிடம் சென்று மறுக்கப்படும். வெளியிலிருந்து அழைக்க ரிஃப்ளெக்சன் வசதி உள்ளது.

இவை எல்லாவற்றிலும் கண்டிப்பானது யாவாஸ்கிரிப்டு. 2022ஆம் ஆண்டின் சீர்தரத்தில், "#" குறியுடன் தொடங்கும் தனிப்பட்ட செயற்கூறுகள், வகுப்புச் செயற்கூறுகள் உட்பட, மொழியில் சேர்ந்தன. வகுப்பிற்கு வெளியே "#தொகை" என்று எழுதினால் நிரல் இயங்கத் தொடங்குவதே இல்லை. அது இலக்கணப் பிழை. "செண்டு" போன்ற சுற்றுவழியும் இல்லை. இக்கண்டிப்பு சில வேளை எழுதியவரையே தாக்கும். தாய் வகுப்பின் வகுப்புச் செயற்கூறு "திஸ்.#தொகை()" என்று அழைத்திருக்க, அதனைத் துணை வகுப்பின் பெயரால் ஒருவர் அழைத்தால் வழு எழும். ஏனெனில் "#தொகை" தாய் வகுப்பிடம் மட்டுமே உண்டு. "திஸ்" என்பதற்கு மாறாக வகுப்பின் பெயரையே எழுதுவது தீர்வு. ரூபியில் வகுப்பின் பெயரை எழுதினால் வழு. இங்கே எழுதாவிட்டால் வழு.

தமிழ்ப் பெயர்களில் கவனிக்க வேண்டியவை

ரூபி 1.9 முதலும் பைத்தான் 3 முதலும் செயற்கூறுகளுக்கும் மாறிகளுக்கும் தமிழில் பெயரிடலாம். ஆனால் ரூபியில் வகுப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாமையால், "தொகை" என்று செயற்கூற்றுக்குப் பெயரிட இயலும். "கொள்முதல்" என்று வகுப்பிற்குப் பெயரிட இயலாது. மேற்கண்ட எடுத்துக்காட்டை இயக்குவோர் வகுப்புப் பெயரின் முன் உரோமன் பெரிய எழுத்து ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பைத்தானில் இத்தடை இல்லை.

மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. "தொகை" என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் இருவகையாக எழுதலாம். 3018 என்னும் எண்ணுடைய ஒரே குறியாக எழுதலாம். அல்லது 3014ஆம் எண்ணுடைய எகரக் குறியையும் 3006ஆம் எண்ணுடைய கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தான் நிரலில் உள்ள பெயர்களை ஒரே வடிவிற்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிடுகிறது. ரூபி அவ்வாறு செய்வதில்லை. அதற்கு அவை இரு வேறு பெயர்கள். ஒரு விசைப்பலகையில் வரையறுத்து மற்றொரு விசைப்பலகையில் "பிரைவேட்_கிளாஸ்_மெத்தட் :தொகை" என்று எழுதினால், அப்படியொரு செயற்கூறு இல்லை என்று ரூபி மறுக்கக்கூடும். எழுத்துத்தொடராகப் பெயரைத் தரும்போது பைத்தானும் இவ்வுதவியைச் செய்வதில்லை. இத்தகைய வழு வந்தால், பெயரின் நீளத்தை எண்ணிப் பார்க்கலாம்: முதல் வகையில் "தொகை" 4 குறிகள், இரண்டாவது வகையில் 5.